கூண்டு கட்டிய கைகள்

ஒரு நாட்டின் கலையை அந்நாட்டில் பிறந்தவர்களே வளர்க்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மை அன்று. பிரான்சு நாட்டின் பழைய கார்களே இதற்குச் சான்று.

1930களில் பாரிசில் விலையுயர்ந்த கார் வேண்டுவோர் பலர், தொழிற்சாலையிலிருந்து எஞ்சின் பொருத்திய அடிச்சட்டத்தை மட்டும் வாங்குவர். பின்னர்க் கூண்டு கட்டும் பட்டறையை நாடுவர். நம் நாட்டில் லாரிகளுக்கு இன்றும் இவ்வாறு கூண்டு கட்டுவதுண்டு. பாரிசுப் பட்டறைகளில் முதலில் மரச்சட்டம் அமைத்தனர். அதன்மேல் உலோகத் தகடுகளைக் கையால் தட்டி வளைத்துப் பொருத்தினர்.

அப்பட்டறைகளுள் இரண்டு பெரும்புகழ் பெற்றவை. 1906இல் ஒன்றைத் தொடங்கிய ஜாக் சவுச்சிக், ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். நாற்காலி, அலமாரி முதலியவற்றைச் செய்யும் தச்சர். மற்றொன்றை நிறுவிய ஜோசப் ஃபிகோனி, இத்தாலியில் பிறந்து இளமையிலேயே பாரிசுக்கு வந்தவர். 1935இல் அவருடன் இணைந்த ஃபலாஸ்கியும் இத்தாலியரே. 1937இல் தால்போ-லாகோ காருக்கு ஃபிகோனி கட்டிய கூண்டு, கூரை முதல் பின்புறம் வரை ஒரே வளைவாகச் சரிந்து இறங்கியது. அதனால் அக்காருக்கு ‘நீர்த்துளி’ என்றே பெயர் வழங்கலாயிற்று. அந்நிறுவனத்தை நடத்திய அந்தோனியோ லாகோவும் இத்தாலியில் பிறந்தவர்தாம். ஆயினும் உலகம் அதனைப் பிரெஞ்சுக் கலை என்றே போற்றுகிறது.

அவ்வாறு போற்றுவது பொருத்தமே என்பது என் கருத்து. சவுச்சிக் தம் தச்சுத் திறனைத் துறந்து பாரிசுக்காரர் ஆகவில்லை. அத்திறனைக் கொண்டே ஆனார். அவர் கொண்டுவந்த திறனால் அந்நகரமும் வளம் பெற்றது.

“அவை செல்வர்களின் கார்கள் அல்லவா?” எனச் சிலர் வினவலாம். வாங்கியவர்கள் செல்வர்கள், செய்தவர்கள் உழைப்பாளர்கள். போருக்குப் பின் பெரிய கார்களுக்கு வரி உயர்ந்தது. அடிச்சட்டமும் கூண்டும் ஒன்றாக அமைந்த கார்களும் பெருகின. பட்டறைகளுக்கு வேலை குறைந்தது; 1955இல் சவுச்சிக்கின் பட்டறை மூடப்பட்டது. எனினும் அக்கைகளின் வேலைப்பாட்டை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம்.

மாணவர்களே, வேற்று மாநிலத்தில் வளரும் நீங்கள் அவ்வூர் மொழியை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அதற்காக வீட்டுத் தமிழைப் பள்ளி வாயிலில் விட்டுவர வேண்டியதில்லை. அதுவும் நீங்கள் அவ்வூருக்குக் கொண்டுவந்த செல்வமே.

சிந்தித்து எழுதுக: உங்கள் குடும்பம் நீங்கள் வாழும் ஊருக்குக் கொண்டுவந்த திறன் யாது?