தேடுவார்க்குத் தென்படாத தமிழ்

ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண்மகவு பிறந்தவுடன் பெற்றோர் இற்றை நாளில் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று, கைப்பேசியை எடுத்துத் தேடுபொறியில் ‘பெண் குழந்தை தமிழ் பெயர்கள்’ என்று எழுதித் தேடுவதாகும். பாட்டியையும் புலவரையும் கேட்டுப் பெயரிட்ட காலம் போயிற்றே என்று வருந்துவதால் பயனில்லை. பெற்றோர் வினவுகின்றனர், பொறி விடையளிக்கின்றது. அவ் விடையில் நம் கண்முன் வந்து நிற்பவை எவை? தமிழ்ப் பெயர்கள் என்னும் தலைப்பைச் சூடிக்கொண்டு, உள்ளே வடமொழிப் பெயர்களை அடுக்கி வைத்திருக்கும் பட்டியல்கள் பற்பல. நல்லெண்ணத்தோடு தமிழ்ப் பெயரைத் தேடி வந்த பெற்றோர், வடசொல்லைத் தமிழென்றே நம்பித் தம் மகளுக்குச் சூட்டிவிட்டுச் செல்கின்றனர். நந்தமிழ் அன்பர்கள் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த தூய தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களோ இணையத்தில் இல்லாமலில்லை. இருக்கின்றன, ஆனால் எவரும் காணாத மூலையில் இருக்கின்றன.

இதற்குப் பிறர் சூழ்ச்சியே கரணியம் என்று எழுதிவிட்டு அமைவது எளிது. உண்மை அவ்வாறில்லை. தேடுபொறிக்கு மொழிப்பற்றும் இல்லை, மொழிப்பகையும் இல்லை. அது சில நெறிகளின்படி இயங்குகின்றது. அந் நெறிகளை அறிந்தவர் பக்கம் முன்னே நிற்கின்றது. அறியாதவர் பக்கம் பின்னே கிடக்கின்றது. அவற்றைக் கற்றுப் பக்கங்களைச் சீர்செய்யும் கலைக்குத் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்று தமிழில் பெயரிட்டுள்ளனர். இணையத்தில் தமிழ் எழுதும் ஒவ்வொருவரும் இதன் தொடக்கப் பாடத்தையேனும் கற்க வேண்டும் என்பதே இவ் உரையின் நோக்கம். கணினிப் புலமை இதற்கு வேண்டுவதில்லை.

ஆய்வு நூல்களின் இறுதியில் சொல்லடைவு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகின்றது என்பதை அகர வரிசையில் அஃது அடுக்கித் தரும். தேடுபொறி செய்வதும் இதுவே. ‘சிலந்தி’ எனப்படும் அதன் நிரல், இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாக ஊர்ந்து செல்கின்றது. கண்ட பக்கங்களைப் படிக்கின்றது. அவற்றின் சொற்களை மாபெரும் அடைவொன்றில் பதிகின்றது. நாம் தேடும்பொழுது அது உலகத்தைத் தேடுவதில்லை. தன் அடைவைத்தான் புரட்டுகின்றது. எனவே சிலந்தி வந்து சேராத பக்கமும், வந்தும் படிக்கவியலாத பக்கமும் தேடுவார்க்கு இல்லாத பக்கங்களே.

அடைவில் ஒரே சொல்லுக்குப் பல்லாயிரம் பக்கங்கள் இருப்பின் எதனை முன்வைப்பது? 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இசுட்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாயிருந்த இலாரி பேச், செர்கே பிரின் ஆகிய இருவரும் கூகுள் நிறுவனத்தைத் தோற்றுவித்தபொழுது, இவ் வினாவுக்கு அவர்கள் கண்ட விடை எளிமையானது. புலவர் பலர் மேற்கோளாகக் காட்டும் நூல் சிறந்த நூலாதல் போல, பக்கங்கள் பல சுட்டி இணைப்பிடும் பக்கம் சிறந்த பக்கமாகும். சுட்டுகின்ற பக்கமும் சிறப்புடையதாயின் அச் சுட்டுக்கு எடை மிகுதி. இன்று அப் பொறி வேறு பல கூறுகளையும் சேர்த்தே கணிக்கின்றது. ஆயினும் இவ் அடிப்படை மறையவில்லை.

இனி நம் பக்கங்களுக்கு வருவோம். முதற்குறை எழுத்திலேயே தொடங்குகின்றது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டே தமிழ் இடம் பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை முறையாக ஏற்றது. அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவை ஆக்கி, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுதி வந்தோம். அவ்வாறு எழுதியது திரையில் அழகிய தமிழாய்த் தோன்றும். பொறியின் உள்ளேயோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாய்க் கிடக்கும். அக் கோவையைச் சிலந்தி தமிழென்று எங்ஙனம் அறியும்? அக் காலத்தில் ஏற்றிய அரிய கட்டுரைகள் பல இன்றும் அந் நிலையிலேயே உள்ளன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மாற்றிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய வேலையைப் பல்லாண்டாகத் தள்ளிப் போட்டிருக்கின்றோம்.

இதனினும் பரவலான குறை, எழுத்தைப் படமாக்கி ஏற்றுவது. வண்ணப் பின்னணியில் பெயர்ப் பட்டியலை வடித்து ஒரே படமாக இணையத்தில் இட்டால் பார்ப்பவர் மகிழ்வர். தேடுபவரோ அதனைக் காண்பது அரிது. படத்திலுள்ள எழுத்தைப் பொறி ஒருகால் படிக்கக் கூடுமாயினும், தவறின்றிப் படிக்கும் என்று நம்புவதற்கில்லை. பட்டியலை எழுத்தாகவே தருக. படம் வேண்டுமெனின் அருகில் இருக்கட்டும். அதற்குரிய மாற்றுரையில் அஃது என்ன படம் என்று ஒரு வரி எழுதுக. கண்பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் கருவியும் அவ் வரியைத்தான் படிக்கின்றது.

ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளாலும் இடர் உண்டு. ஔவையார் என்பதில் முதலெழுத்து ‘ஔ’ என்னும் ஓரெழுத்து. பலர் ‘ஒ’ எழுதிப் பக்கத்தில் ‘ள’ எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பொறிக்கோ அவை இருவேறு சொற்கள். வௌவால், பௌவம் முதலியவற்றிலும் இதே பிழை நேர்கின்றது. தன் பெயரே பிழையாய் எழுதப்பெற்ற பக்கத்தில் அம் மூதாட்டியை எவர் போய்க் கண்டுபிடிப்பார்?

அடுத்தது தலைப்பு. பக்கத்தின் மேலே நாம் காணும் தலைப்பு வேறு. நிரலில் எழுதும் பக்கத் தலைப்பு வேறு. தேடல் விடையில் இணைப்பாய்த் தோன்றுவது பெரும்பாலும் பின்னதே. நம் தளங்கள் பலவற்றில் எல்லாப் பக்கங்களுக்கும் இதழின் பெயரையே பக்கத் தலைப்பாக வைத்துள்ளனர். சிலவற்றில் ‘முகப்பு’ என்ற ஒரு சொல்லே உள்ளது. ஒரு நூலகத்தில் எல்லா நூல்களின் முதுகிலும் ‘நூல்’ என்று எழுதி வைத்தாற்போல் இருக்கின்றது இது! எழுத்தாளர்க்குரிய மற்றொரு வேட்கையும் இங்கே குறுக்கிடுகின்றது. பெயர்ப் பட்டியலுக்கு ‘மழலைக்கு ஒரு மாலை’ என்று தலைப்பிடுவதில் நமக்கு ஓர் இன்பம். அத் தலைப்பை எழுதித் தேடுவார் யாருமிலர். ‘பெண் குழந்தைகளுக்குத் தூய தமிழ்ப் பெயர்கள்’ என்று வெளிப்படையாக இடுக. மாலையை உள்ளே சூட்டிக்கொள்ளலாம். தலைப்பின்கீழ் ஓரிரு வரிகளில் பக்கக் குறிப்புரையும் எழுதுக. வரிசையை அஃது உயர்த்தாவிடினும், விடையைக் காண்பவர் உள்ளே வருவதா வேண்டாவா என்று முடிவு செய்ய உதவும். தேடற்சொற்களை நிரலில் மறைவாக அடுக்கிவைக்கும் பழைய முறையைக் கூகுள் கருத்திற் கொள்வதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது. அதில் வீணே உழைக்க வேண்டா.

இனி, நம் அன்பர்கள் சினத்தோடு கேட்கும் ஒரு வினாவுக்கு வருவோம். மக்கள் ஒற்றை விட்டு ‘தமிழ் பெயர்கள்’ என்று தேடுகின்றனர். அயற்சொல் கலந்தும் தேடுகின்றனர். அவர்கள் தேடுகின்றவாறே நாமும் பிழைபட எழுத வேண்டுமா?

ஒற்றைப் பொறுத்தவரை, வேண்டா என்பதே எம் விடை. பொறிகள் இத்தகைய திரிபுகளை ஓரளவு அறிந்துகொள்கின்றன. அறியாதவிடத்தும் தமிழின் இயல்பே நமக்குத் துணை நிற்கின்றது. ‘இப் பெயர்கள் யாவும் தமிழ்’ என்று எழுதினால் ‘தமிழ்’ ஒற்றின்றி வருகின்றது. ‘தமிழில் பெயர் வைப்போம்’ என்று எழுதினால் ‘பெயர்’ தனித்து நிற்கின்றது. ஒரு கட்டுரையை இயல்பாக எழுதினாலே சொல்லின் பல வடிவங்களும் தாமாக இடம்பெற்றுவிடும். நாம் தவிர்க்க வேண்டியது, நான்கைந்து சொற்களைப் புணர்த்து ஒரே நெடுஞ்சொல்லாக எழுதும் வழக்கத்தைத்தான். இடைவெளி விட்டு எழுதுவது இலக்கணக் குற்றமன்று.

அயற்சொல் செய்தி வேறு. வடமொழிப் பெயர் ஒன்றைக் கேள்வியுற்று, அதற்கு நேரான தமிழ்ப் பெயர் யாது என்று அறிய விரும்பும் ஒருவர், அவ் வடமொழிப் பெயரை எழுதித்தான் தேடுவார். அவர் தமிழ்ப் பெயரை முன்பே அறிந்திருந்தால் தேடவே மாட்டார். நம் பக்கத்தில் அவ் வடசொல் ஓரிடத்தும் இல்லையெனின் அவர் நம்மிடம் வர வழியில்லை. இதனை நாம் புதிதாகக் கண்டு சொல்லவில்லை. மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகையம்மையார் தொகுத்த வடசொல் தமிழ் அகரவரிசையை எடுத்துப் பாருங்கள். வடசொல் முதலில் நிற்கும். தமிழ்ச்சொல் அதன் எதிரில் நிற்கும். வடசொல்லை மட்டும் அறிந்தவர்க்காகவே அந் நூல் ஆக்கப்பட்டது. ஆகலின் அவர் அறிந்த சொல்லையே கதவாக வைத்தார் அம்மையார். வேதாசலம் என்னும் பெயரே மறைமலை ஆயிற்று என்றும், சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆனார் என்றும் சொல்ல வேண்டுமாயின் இரு பெயரையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? நம் பக்கத்திலும் அவ்வாறே செய்க. தலைப்பிலும் உரையிலும் தமிழ்ச்சொல்லே ஆளட்டும். அயற்சொல் ஓரிடத்தில், இன்ன சொல்லுக்குத் தமிழ் இது என்னும் முறையில் வந்து போகட்டும். தனித்தமிழ்க் கொள்கைக்கு இதனால் இழுக்கில்லை என்பது எம் துணிபு. மாறுபடுவோர் எழுதுக, வெளியிடுவோம்.

இதற்கு மறுதலையாக, ஒரே சொல்லை வரிக்கு வரி திணித்துப் பொறியை ஏமாற்ற முயல்வோரும் உளர். 2011-ஆம் ஆண்டு உள்ளீடற்ற பக்கங்களையும், 2012-ஆம் ஆண்டு விலைக்கு வாங்கிய இணைப்புகள் போன்ற ஏமாற்றுகளையும் பின்தள்ளும் மாற்றங்களைக் கூகுள் செய்தது. முதலிடம் வாங்கித் தருகின்றோம் என்று பணம் கேட்போரிடம் ஏமாறாதீர்கள். அவ்வாறு உறுதி தர எவராலும் இயலாது என்று கூகுளே கூறுகின்றது. விளம்பரத்திற்குப் பணம் தந்தால் விளம்பரம் வரும். தேடல் வரிசையில் இடம் உயராது.

இணைப்பைப் பற்றி முன்னரே சொன்னோம். இஃதொன்றில்தான் நம் குற்றம் பெரிது. ஓர் அன்பர் பெயர்ப் பட்டியல் வெளியிடுகின்றார். மற்றோர் அன்பர் அதனைப் படித்து மகிழ்கின்றார். மகிழ்ந்தபின் அதனை அப்படியே படியெடுத்துத் தம் தளத்தில் ஏற்றிக்கொள்கின்றார். சுட்டி ஓர் இணைப்புக் கொடுப்பதில்லை. ஒரே பட்டியல் பத்துத் தளங்களில் கிடந்தால் பொறி அவற்றுள் ஒன்றனைத்தான் எடுத்துக் காட்டும்; எதனை எடுக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒருவர் எழுதுக, ஒன்பதின்மர் அதனைச் சுட்டுக. ‘இங்கே காண்க’ என்று சுட்டாமல் ‘ஆண் குழந்தைகளுக்கான தமிழ்ப் பெயர்கள்’ என்று பொருள் விளங்கும் சொற்களிலேயே இணைப்பிடுக. அச் சொற்களையும் பொறி படிக்கின்றது. குழுவுக்கொரு தளமும் கொள்கைக்கொரு பிணக்குமாய் நிற்கும் நாம், ஒருவரையொருவர் சுட்டுவதற்கே கூசுகின்றோம். வடமொழிப் பெயர்ப் பட்டியலார்க்கு இக் கூச்சம் இல்லை.

கைப்பேசியில் விரைந்து திறவாத, எழுத்துச் சிறுத்துத் தோன்றும் பக்கமும் பின்தங்கும். எழுதியதை வெளியிடுமுன் உங்கள் கைப்பேசியிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் பயன் மறுநாளே தெரியாது. சில கிழமைகளோ திங்கள்களோ ஆகலாம். அதற்குள், ‘சர்ச் கன்சோல்’ என்று கூகுள் பெயரிட்டுக் கட்டணமின்றித் தரும் கருவியில் உங்கள் தளத்தைப் பதிந்துகொள்ளுங்கள். எந்தப் பக்கங்கள் அடைவில் ஏறின, எவை ஏறவில்லை, மக்கள் எச் சொற்களை எழுதித் தேடியபொழுது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவருள் எத்துணைப் பேர் உள்ளே வந்தனர் என்பனவற்றை அது பட்டியலிட்டுக் காட்டும். தளம் வைத்திருக்கும் அன்பர்கள் அச் சொற்பட்டியலைத் திங்கள்தோறும் எமக்கு எழுதி விடுப்பார்களாக. தமிழ்ப் பெயர் கேட்டு மக்கள் தேடியும் நம்மிடம் பக்கம் இல்லாத அயற்பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்கு நேரான தமிழ்ப் பெயர்களோடு அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம்.