அழுகிறவருக்கு என்ன பாக்கியம்?

அம்பத்தூரில் என் பக்கத்து வீட்டு அக்கா கணவரை இழந்து மூன்று மாதமாகிறது. போன ஞாயிறன்று மாதா கோவிலிலிருந்து திரும்பியவர், "அழுகிறவர் பாக்கியசாலி என்கிறாரே பாதிரியார்! எனக்கு என்ன பாக்கியம், தம்பி?" என்று கேட்டார். பதில் தெரியாமல் விழித்தேன்.

ஏசுநாதரின் மலைப் பிரசங்கம் அப்படித்தான் தொடங்குகிறது, வாசகிகளே! லண்டனில் சட்டம் படித்த நாளில் அதை வாசித்த காந்திஜி, அது நேரே தம் நெஞ்சில் பாய்ந்ததாகச் சுயசரிதையில் சொல்கிறார். பணமும் பவிஷுமே பாக்கியம் என்றிருக்கும் நமக்கோ அது விசித்திரமாகப் படுகிறது.

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலுக்குப் போனால், பெரம்பூரை அடுத்து வியாசர்பாடி. 1960களில் அங்கே ஏழைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார், இத்தாலியில் பிறந்த ஸலேஸிய சபைப் பாதிரியார் ஆர்ஃபியோ மண்டோவானி. இல்லத்தின் பெயர் 'பியாட்டிட்யூட்ஸ்'. மலைப் பிரசங்கத்தின் பாக்கிய வசனங்களுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். ஆனால் வசனத்தை மட்டும் சொல்லி அவர் யாரையும் அனுப்பிவிடவில்லை. பசித்தவருக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் கொடுத்தார்.

எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். அழுகையா பாக்கியம்? இல்லை. அழுகிறவருக்கு ஆறுதல் கிடைக்கும் என்பதே வாக்கு. அந்த ஆறுதலைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கை வேண்டாமா?

நேற்று மாலை என் மனைவி காப்பியுடன் அக்கா வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரம் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தாளாம். கிளம்பும்போது, "நாளைக்கும் வருவாயா?" என்று கேட்டாராம் அக்கா.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். இன்று ஒரு நடை போய்வாருங்களேன்!