வியர்வை உலருமுன்...

விடியற்காலையில் ஒரகடம் கூட்டுச்சாலையில் சிறிது நேரம் நின்றால் போதும். முதலாளித்துவத்தின் ஆற்றல் விளங்கிவிடும். ஆலைப் பேருந்துகள் அணியணியாக வருகின்றன. சீருடை அணிந்த இளைஞர்களும் இளநங்கையரும் விரைந்து இறங்குகின்றனர். ஏரிநீரை நம்பி நெல் விளைத்த வட்டாரம் இன்று காரும் மோட்டார் சைக்கிளும் செய்து கடல் கடந்து அனுப்புகிறது. நிலம் தந்தது அரசின் சிப்காட். ஆலை தந்தது தனியார் மூலதனம். எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிவது இதனால்தான். இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும், வந்த மூலதனம் வந்த வழியே போகவும் செய்யும். அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. வரி வழக்கும் நிறுவன விற்பனையும் மேலிடத்து விவகாரங்கள். வேலையிழந்து வீடு திரும்பியவர்களோ ஆயிரக்கணக்கான இளைஞர்கள். இலாபத்தில் பங்கில்லாதவனுக்கு நட்டத்தில் மட்டும் பங்கு! இது என்ன நீதி?

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதிய உயர்வோடு அவர்கள் வலியுறுத்திக் கேட்டது சங்க உரிமை. சென்னையில் தொழிற்சங்கம் தோன்றியது 1918-இல். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-இல். இருந்தும், இவர்களது சங்கம் பதிவு பெற 2025 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது.

அப்படியானால் பொதுவுடைமை தீர்வாகுமா? போலந்தில் 1980-இல் கப்பல் தளத் தொழிலாளர்கள் எழுப்பிய 'சாலிடாரிட்டி' சங்கத்தை 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் கொண்டு ஒடுக்கியது, தொழிலாளர் பெயரால் ஆண்ட அரசேதான்! சோவியத் ஒன்றியமும் 1991-இல் கலைந்தது. முதலாளியின் இடத்தில் அதிகாரி அமர்ந்தான். உழைப்பவன் வாய் மூடியே இருந்தான்.

இஸ்லாம் வேறு வழி காட்டுகிறது. வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியை விலக்கியது. செல்வம் செல்வரிடையே மட்டும் சுழலக்கூடாது என்பது அல்-ஹஷ்ர் அத்தியாயம் தரும் நெறி. முளாரபா கூட்டில் இலாபம் இருவருக்கும் உண்டு. நட்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். உழைத்தவர் தலையில் பண நட்டத்தையும் ஏற்றுவதில்லை.

இவ்வளவும் நமக்கு மனப்பாடம். மீலாது மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், நம் கடைகளில் இந்த நெறி எங்கே?

ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. அன்று நாமும் கண்டித்தோம். ஆனால், எந்தச் சட்டமும் இல்லாமலே பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பையன்கள் நம் துணிக்கடைகளில் இல்லையா? கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகம் சட்டம் செய்தது. அந்த நாற்காலியைப் போடச் சட்டமா வரவேண்டும்? அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை போதாதா?

இதனினும் கொடிது ஒன்றுண்டு. ரமலானில் ஊழியருக்கு ஜகாத் கொடுத்துவிட்டு, அதைக் காட்டியே கூலி உயர்வைத் தட்டிக்கழிக்கும் வழக்கம்! ஜகாத் ஏழையின் உரிமை. கூலி உழைத்தவனின் உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழிப்பவர், இரண்டையும் பறித்தவராகிறார்.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஒரகடத்து ஆலைகளை நோக்கி விரல் நீட்டுமுன், நம் கல்லாப்பெட்டிக்கு இப்பால் நிற்பவனின் முகத்தைப் பார்ப்போம். அவனுக்கு வேலை நேரத்தை வரையறுப்போம். கூலியை எழுதி வைப்போம். அவன் கணக்குக் கேட்டால் முகம் சுளிக்காது சொல்வோம். இயன்றவர்கள் இலாபத்திலும் பங்கு தருவோம். அதன் பிறகு நாம் பேசும் இஸ்லாமியப் பொருளாதாரத்தை உலகம் செவிமடுக்கும்.

செய்வோமா?