பதினான்கு மணி நேரப் பொறுமை

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று தமிழ்ப்பள்ளியில் படித்த நாள் முதல், பொறுமையை நம் பண்பாட்டின் அடையாளமாகவே கருதி வந்தவன் நான். கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்குச் சிக்கனப் பிரிவில் மேற்கொண்ட ஒரு பயணம் அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி ஒரு பருவம் அங்குப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஏறத்தாழ 14 மணி நேரம் உட்கார வேண்டுமே என்று வீட்டில் முனகினேன். பாட்டி விடவில்லை. "எங்கப்பா ரஜுலா கப்பல்ல வெறுந்தளத்துல படுத்துக்கிட்டு நாள்கணக்கா வந்தாரு. நீ நாற்காலியில உட்கார்ந்துகிட்டுப் போறதுக்கா அழுவுற?" அதற்கு மேல் என்ன பேசுவது?

விமானத்தில் எனக்கு நடு இருக்கை. சன்னலோரத்தில் அறுபதைக் கடந்த ஒரு தமிழ் அம்மா. மகளின் பிரசவத்திற்காகப் போய்க்கொண்டிருந்தார். நடைபாதை ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரர். விமானம் மேலெழுந்ததும் உறங்கிவிட்டார்.

சிக்கனப் பிரிவில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையில் பொதுவாக 30 முதல் 32 அங்குலம்தான். இருக்கையின் தடிமனும் அதில் அடக்கம். விமானத்துக்குள் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. கெந்திங் மலை உச்சியில் விடிய விடிய அசையாமல் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைவதால் வயிற்றிலுள்ள வாயு விரிந்து வயிறு உப்புகிறது. ஈரப்பதமோ பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. நம் நாட்டுக் காற்றில் வளர்ந்த தொண்டை வறண்டுபோவதில் வியப்பில்லை.

ஆயினும், அந்த அம்மா பணிப்பெண் நீட்டிய தண்ணீரை ஒவ்வொரு முறையும் வேண்டாமென்று கையசைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"தண்ணி குடிச்சா எழுந்திரிக்கணும் தம்பி. உங்க ரெண்டு பேரையும் தொந்தரவு பண்ணணும். பொறுத்துக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே காரணத்தால் மூன்று மணி நேரமாக அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். "அவரை எழுப்பட்டுமா அம்மா?" என்றேன். "வேணாம்பா, பாவம், தூங்குறாரு" என்றார். நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் மறுத்தது எனக்கும் வசதியாக இருந்தது. அந்நியரை எழுப்பும் கூச்சம் எனக்கும் இருந்ததே!

இலண்டனில் இறங்கும்போது அந்த அம்மாவின் பாதங்கள் வீங்கிக் காலணிக்குள் நுழையவில்லை. காலணியின் பின்பகுதியை மிதித்தபடி இழுத்து இழுத்து நடந்தார். அவரது பைகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அந்த உதவி காலங்கடந்த உதவி.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால், இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அறிவித்தது. பேருந்து, இரயில் பயணங்களுக்கும் இது பொருந்தும். பாதிக்கப்படுபவர் சுமார் 6,000 பேரில் ஒருவர் என்பதால் அஞ்சத் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. இரண்டு பாதங்களும் இலேசாக வீங்கினால் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மருத்துவரை உடனே நாட வேண்டும்.

பாட்டியின் பேச்சுக்கு இப்போது என்னிடம் பதில் உண்டு. கப்பல் தளத்தில் பட்ட துன்பம் பெரிது. ஆனால், அங்கு எழுந்து நடக்க யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. நம் முன்னோர் வேறு வழியின்றிப் பொறுத்தார்கள். நமக்கு வழி இருக்கிறது: 'மன்னிக்கவும், சற்று வழி விடுங்கள்' என்னும் நான்கு சொற்கள். அவற்றைச் சொல்லக் கூசி உடலை வருத்திக்கொள்வதைப் பொறுமை என்று நான் இனி ஏற்கமாட்டேன். விரிவுரை மண்டபத்தில் புரியாததைக் கேட்காமல் தலையாட்டும் நமக்கு இந்தக் கூச்சம் புதிதா என்ன?

இருக்கையின் அகலத்தைக் கூட்டுவது நம் கையில் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் கூச்சத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. திரும்பி வரும்போது நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கினேன். உறங்குவதற்கு முன், அருகிலிருந்த இருவரிடமும், "எப்போது வேண்டுமானாலும் எழுப்புங்கள்" என்று சொல்லி வைத்தேன். மூன்று முறை எழுப்பினார்கள். மூன்று முறையும் நானும் எழுந்து நடந்தேன். என் காலும் பிழைத்தது.

நண்பர்களே, நாளை நீங்களும் உங்கள் அம்மாவையோ பாட்டியையோ தனியாக விமானம் ஏற்றி அனுப்பக்கூடும். ஊறுகாய்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைக்கும் அக்கறையோடு, நடைபாதை ஓர இருக்கையையும் பதிந்து கொடுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வழி கேட்பது தொந்தரவு ஆகாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.