கீபோர்டு கவருக்குள்ளேயே தூங்குதா? திட்டுவதற்கு முன் இதைப் படிங்க

மே மாதம் கிளாஸில் சேர்க்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. ஆகஸ்டில் கீபோர்டு கவருக்குள் போய்விடுகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பல வீடுகளில் இதுதான் கதை. "ஆசைப்பட்டுத்தானே கேட்ட, இப்ப ஏன் தொடவே மாட்டேங்கிற?" என்ற கேள்வி மட்டும் தினமும் ஒலிக்கிறது.

வீட்டின் பங்கு ஏன் பெரியது?

விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்றுத்தருகிறார்கள். பியானோ இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் தனியார் வகுப்பு, சர்ச், யூடியூப் ஆகியவைதான் வழி. மாஸ்டர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்ப்பார். மீதி ஆறு நாளும் வீட்டின் கையில்தான்.

லிடியனோடு ஒப்பிடலாமா?

சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019-ல், 13 வயதில், அமெரிக்காவின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றார். அதிலிருந்து "அவனைப் பாரு" என்பது பெற்றோருக்குப் பழகிவிட்டது. ஆனால் லிடியனின் அப்பா இசையமைப்பாளர், அக்காவும் இசைக்கலைஞர். ஒப்பிட வேண்டியது பிள்ளையை அல்ல, வீட்டை. நம் வீட்டில் கீபோர்டு சத்தம் கேட்டால் டிவி சத்தம் குறைகிறதா?

பரிசு கொடுத்தால் வாசிப்பார்களா?

1973-ல் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் பரிசு இல்லாத நாட்களில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். 'வாசிச்சா சாக்லேட், வாசிக்கலைன்னா போன் கட்' என்ற பேரத்துக்கும் இது பொருந்தும். பேரம் நின்றால் வாசிப்பும் நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

* கீபோர்டை ஸ்டாண்டில் திறந்தே வையுங்கள். கவரைக் கழற்றி, அடாப்டர் தேடுவதற்குள் பாதி ஆர்வம் போய்விடும்.
* தினமும் 15 நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட இது மேல். டியூஷனுக்கு முன் ஒரே நேரமாக இருக்கட்டும்.
* முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லாதீர்கள். தடுக்கும் இடத்தை மட்டும் முதலில் வலது கை, பிறகு இடது கை, அப்புறம் மெதுவாக இரண்டும் சேர்த்து.
* கடைசி ஐந்து நிமிஷம் பிள்ளைக்குப் பிடித்த சினிமா பாட்டு. அதில் தப்பு கண்டுபிடிக்க வேண்டாம்.
* இசை தெரியாத பெற்றோரும் பக்கத்தில் உட்காரலாம். "இன்னிக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டாலே போதும்.

கிரேடு தேர்வு அவசியமா?

டிரினிட்டி கிரேடு தேர்வு நல்ல இலக்குதான். 100-க்கு 60 எடுத்தால் பாஸ். ஆனால் தேர்வுக்கான பாட்டுகளை மட்டுமே மாதக்கணக்கில் வாசித்தால், அதுவும் இன்னொரு டியூஷன் ஆகிவிடும்.

"பத்தாவது முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று கவர் போட்ட கீபோர்டு பல வீடுகளில் திரும்பத் திறக்கப்படுவதே இல்லை. பொதுத் தேர்வு வருஷத்திலும் ஒரு நாளில் 15 நிமிஷம் பெரிய விலை அல்ல. மார்க்குக்காக இல்லாமல் பிள்ளை தனக்காகவே செய்யும் ஒரு வேலை வீட்டில் இருக்கட்டும். அதைக் காப்பாற்றுவது பெரியவர்கள் பொறுப்பு.