பொம்மைக்கு முத்திரை, பூச்சிமருந்து கேனுக்கு?

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளையின் கையில் ஒரு பீப்பி, ஒரு பிளாஸ்டிக் கார், ஒரு கூலிங் கிளாஸ். தேனிப் பக்கம் கூலிக்குப் போகிற வீடுகளில் காசு கொடுத்துப் பொம்மை வாங்குவது பெரும்பாலும் அந்த ஒரு நாள்தான். அந்தக் காரைத் திருப்பிப் பாருங்கள், தோழர்களே. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?

இருந்தாக வேண்டும். ஒன்றிய அரசு 2020இல் கொண்டுவந்த பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மை உடைந்தால் கூர்முனை வருமா, துண்டு தொண்டையில் சிக்குமா, தீப்பிடிக்குமா, சாயத்திலிருந்து ஈயமும் காட்மியமும் வாய்க்குள் போகுமா என்று சோதித்த பிறகே விற்க வேண்டும். 2019இல் இந்தியத் தர கவுன்சில் டெல்லி வட்டாரத்தில் 121 பொம்மைகளை வாங்கிச் சோதித்தது. மூன்றில் இரண்டு தேறவில்லை. ஆகவே இந்த ஆணை வேண்டும். 'கெடுபிடி' என்று அழுகிற கம்பெனிகளோடு சேர்ந்து நாங்கள் அழப்போவதில்லை.

எங்கள் கேள்வி, சட்டம் யார் கையைப் பிடிக்கிறது என்பதுதான். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் கண்டுபிடித்துத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. தடை சரிதான், அது துணிக்குப் போடுகிற சாயம். ஆனால் அன்று ஊரெல்லாம் மாட்டியது குச்சியில் பாக்கெட்டைக் கட்டித் தூக்கித் திரிந்த வடமாநிலத் தொழிலாளி. சாயத்தை மூட்டையில் விற்றவர் எவர் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பொம்மையிலும் இதேதான் நடக்கும். தரைக்கடைக்காரரின் சாக்கை அள்ளிக்கொண்டு போவார்கள், வார்த்த ஆலை ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, மற்ற 364 நாளும் நம் பிள்ளைகள் எதை வைத்து விளையாடுகிறார்கள்? கம்பம், சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய காலனிக்குள் நடந்து பாருங்கள். மருந்து கேனை அறுத்து, பாட்டில் மூடியைச் சக்கரமாக மாட்டிய வண்டி. மருந்து டப்பாவில் மண் சோறு. தோட்டம் யாருடையதோ, மருந்தடிக்கிற கூலி நம்மாள். கையுறை கிடையாது. காலி கேன் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போகாது, நம் தெருவுக்குத்தான் வரும்.

இதற்கும் சட்டம் இருக்கிறது, புதிதாக எதுவும் எழுத வேண்டாம். 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் 44ஆம் விதியைப் படியுங்கள். காலி டப்பாவை மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியே போடக்கூடாது. உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும். பொறுப்பு தயாரிப்பாளருக்கும் மருந்தடிக்கும் வேலையை நடத்துபவருக்கும். ஐம்பது வருடம் தாண்டியும் காலனியில் கேன் கிடக்கிறது. குடியிருப்பு என்று விதி சொல்வதில் சேரி சேருமா என்று கேட்டால் நமக்குச் சாதி வெறி என்பார்கள்!

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து நம் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பிள்ளை தெருவில். அவர்கள் பறிக்கிற காய் வெளிநாட்டுக்குக் கப்பலேறும்போது மருந்து எச்சம் பார்க்கிறார்கள். அளவு கூடியதால் இந்திய ஏலக்காயைச் சவூதி அரேபியா திருப்பி அனுப்பியதும் உண்டு. ஏலக்காய்க்கு ஆய்வகம் இருக்கிறது. கேனை வாயில் வைக்கிற பிள்ளைக்கு?

மே 1 கிராம சபை வருகிறது. பூச்சிமருந்து விற்கிற கடையே காலி கேனைத் திரும்ப வாங்க வேண்டும், 44ஆம் விதிப்படி எத்தனை பேர்மேல் நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வேளாண்மைத் துறை சொல்ல வேண்டும், வீரபாண்டிக் கடைகளுக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரியின் கிடங்கில் மாதிரி எடுக்க வேண்டும். மூன்றையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். போகும்போது ஒரு கேன் வண்டியையும் எடுத்துப்போய் மேசைமேல் வையுங்கள். கையுறை போட்டு எடுங்கள்.