பியூஸைப் பிடுங்குமுன் கணக்கைக் காட்டுங்கள்!

மில் கேட்டிலும் சரி, களத்து மேட்டிலும் சரி, உழைப்பாளி மக்கள் இரண்டு பேர் சேர்ந்தால் அரிசி விலைக்கு அடுத்தபடியாகப் பேசுவது கரண்ட் பில்லைப் பற்றித்தான். "இரண்டு பேன், நாலு விளக்கு, ஒரு டி.வி. இதற்கு இவ்வளவா?" என்ற கேள்வி எழாத வீடு இல்லை.

கேள்வி எழுகிறது, ஆனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. சிலர் முணுமுணுத்துக்கொண்டே வட்டிக்கு வாங்கிப் பில்லைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆள் வந்து இணைப்பைத் துண்டிக்கிறார், வீடு இருட்டாகிறது. பில்லும் கட்டி, மறு இணைப்புக் கட்டணமும் அழ வேண்டியிருக்கிறது. இரண்டும் தோல்விதான். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைச் சட்டமே தந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. தெரியப்படுத்த வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை. அதைச் சொல்லவே நாம் எழுதுகிறோம்.

ஒரே மீட்டர், நாலு குடும்பம்

முதலில், பில் ஏன் ஏறுகிறது என்று பார்ப்போம். மீட்டர் கோளாறு என்று நாம் நினைக்கும் பல இடங்களில் கோளாறு மீட்டரில் இல்லை; கணக்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கும் வழக்கம் வெகுகாலமாக இருந்து வருகிறது. 2016-ல் முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்தது. 2022 செப்டம்பர் 10-ல் அமலான விகிதத்தை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு; 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு; 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆனால் 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் கணக்கே மாறிவிடும். 2 ரூபாய் 25 காசு என்ற படி அடியோடு மறைந்து, 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் எல்லா விகிதமும் மேலும் உயர்ந்தது.

இந்தப் படிக்கட்டில் முதலில் வழுக்கி விழுவது யார்? லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு அறை கொண்ட ஒரு லைன் வீடு. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்துக்கு 123 யூனிட் செலவழிக்கிறது. தனித்தனி மீட்டர் இருந்தால், 2022 விகிதப்படி, 100 யூனிட் போக மீதி 23 யூனிட்டுக்கு 51 ரூபாய் 75 காசு. நாலு குடும்பத்துக்கும் சேர்த்து 207 ரூபாய். ஆனால் நாலு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர் என்றால் மொத்தம் 492 யூனிட். பில் 1,677 ரூபாய். அதே விளக்கு, அதே பேன், அதே மனிதர்கள். தொகை மட்டும் எட்டு மடங்கு!

இதோடு முடிந்ததா? வீட்டுக்காரர் உள்ளே ஒரு சிறு மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வசூலித்தால் அவர் கைக்கு வருவது 3,936 ரூபாய். வாரியத்துக்குக் கட்டியது போக 2,259 ரூபாய் அவருக்கு மிச்சம். ஏழைக்கென்று கொடுத்த இலவச யூனிட் ஏழையின் வாசல் வரை வந்து வீட்டுக்காரரின் பைக்குள் போய்விடுகிறது. வாடகையோடு வாடகையாக இதையும் நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

2003-ம் வருஷத்திய மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, கட்டடத்தின் சொந்தக்காரர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவரும் மின் இணைப்புக் கேட்கலாம் என்று சொல்லுகிறது. "கேட்டால் கரண்டை நிறுத்திவிடுவேன்" என்று வீட்டுக்காரர் மிரட்டினால், அதற்கும் சட்டம் இருக்கிறது. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்கு மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று தடுக்கிறது. ஒரு குடும்பம் தனியாகக் கேட்டால் "வீட்டைக் காலி செய்" என்பார். லைனில் உள்ள அத்தனை குடும்பமும் சேர்ந்து கேட்டால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

ஐந்து நாள் தாமதத்தின் விலை

இன்னொரு கோளாறு, ரீடிங் தாமதம். மேலே சொன்ன அதே மீட்டரில் 60 நாளில் ரீடிங் எடுத்தால் 492 யூனிட். ஐந்து நாள் கழித்து எடுத்தால் 533 யூனிட். பில் 1,677 ரூபாயிலிருந்து 2,214 ரூபாய்க்குத் தாவிவிடும். "அடுத்த தடவை நாள் குறையும், சரியாகப் போய்விடும்" என்று ஆபீசில் சமாதானம் சொல்லுவார்கள். சரியாகப் போகுமா? அடுத்த தடவை 55 நாளுக்கு 451 யூனிட். பில் 1,431 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டினால் 3,645 ரூபாய். ஒழுங்காக 60 நாளுக்கு ஒரு தடவை எடுத்திருந்தால் 3,354 ரூபாய்தான். 291 ரூபாய் போயே போய்விட்டது. யாருடைய தாமதத்துக்கு யார் அபராதம் கட்டுவது?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ரீடிங் எடுக்க வருகிறவர் நம் எதிரி அல்ல. அவரும் ஒரு தொழிலாளி. காலியிடங்களை நிரப்பாமல், இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் தாமதம் வராமல் என்ன செய்யும்? அவர் சட்டையைப் பிடிப்பதால் நமக்கு ஒரு யூனிட்டும் குறையாது.

2020-ல் ஊரடங்கின்போது நடந்தது நினைவிருக்கும். ரீடிங் எடுக்கவில்லை, முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நாலு மாத ரீடிங்கை ஒன்றாக எடுத்து, இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, முன்பு கட்டியதைப் பணமாகக் கழித்தார்கள். பணமாக அல்ல, யூனிட்டாகக் கழிக்க வேண்டுமென்று ஜனங்கள் கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வாரியத்தின் கணக்கே ஏற்கப்பட்டது. பில் வந்த பிறகு வாதாடுவதைவிட, கணக்கை நாமும் எழுதி வைத்திருப்பது முக்கியம் என்பதே அதில் நமக்குப் பாடம். மாதம் முதல் தேதியில் மீட்டரில் உள்ள எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுங்கள். அந்த நோட்டு ஒரு சாட்சி.

கட்ட மறுப்பதல்ல, கணக்குக் கேட்பது

இப்போது அந்த மூன்றாவது வழிக்கு வருவோம். மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, பணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்க அதிகாரம் தருகிறது. ஆனால் எழுத்து மூலம் முழுதாக 15 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுகிறது. அதைவிட முக்கியமானது அதன் பின்பாதி. பில்லில் தகராறு இருந்தால், கேட்கும் முழுத் தொகையையோ, அல்லது முந்தைய ஆறு மாதத்தில் கட்டிய கட்டணத்தின் சராசரியையோ, இரண்டில் எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று கட்டிவிட்டால், தகராறு தீரும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது!

உதாரணமாக, கடந்த மூன்று பில்களும் 400 ரூபாய் வாக்கில் இருந்து, இந்த முறை திடீரென்று 4,000 ரூபாய் வந்தால், 400 ரூபாயை ஆட்சேபத்துடன் கட்டி, மீதியைத் தகராறில் வைக்கலாம். 4,000 ரூபாய்க்குக் கந்து வட்டிக்காரனிடம் போக வேண்டியதில்லை. திருட்டு, முறைகேடான உபயோகம் என்று வாரியம் குற்றம் சாட்டும் வழக்குகளுக்கு மட்டும் வழி வேறு.

இதைச் செய்யும் விதம் இதுதான். மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். மின் இணைப்பு எண், பில் தேதி, முந்தைய மூன்று பில்களின் தொகை, உங்கள் நோட்டில் உள்ள ரீடிங், "56-வது பிரிவின்படி ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்ற வாசகம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முன்பே பிரிவு ஆபீசுக்குப் போய் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றதில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் சொன்ன புகாரை ஆபீஸ் மறந்துவிடும். முத்திரை வாங்கிய காகிதத்தை மறக்க முடியாது.

மீட்டரே தவறு என்று சந்தேகமிருந்தால், கட்டணம் கட்டிச் சோதனை கேட்கலாம். மீட்டர் ஓடாமல் நின்றுபோன காலத்துக்கு, முந்தைய நாலு மாதச் சராசரிப்படி கணக்கிடுவதே நம் மாநில விதி. இஷ்டப்படி ஒரு தொகை எழுத முடியாது. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் பற்றிப் புகார் வந்தால் 5 நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள்.

பிரிவு ஆபீசில் நியாயம் கிடைக்காவிட்டால், மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் கிடைக்காவிட்டால் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டும் அதே 2003 சட்டத்தில் உள்ளவை. வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டும் என்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்திய பாக்கி என்று சில வீடுகளுக்குக் காகிதம் வருகிறது. தொடர்ந்து பாக்கியென்று பில்லில் காட்டி வந்தாலொழிய, இரண்டு வருஷம் கடந்த தொகையை வசூலிக்கத் தடை உண்டு. அந்த இரண்டு வருஷத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் நுணுக்கங்கள் உள்ளன. ஆகவே பயந்து கட்டவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பணம் கட்டும் வழிகள்

கவுண்டரில் ரொக்கம், இ-சேவை மையம், போன் மூலம் என்று இன்று பல வழிகள். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் போனில் கட்டும்போது "ஆட்சேபத்துடன்" என்று எழுத இடமில்லை. ஆகவே தகராறு உள்ள பில்லைப் போனில் கட்டாதீர்கள். ஆபீசுக்கு நேரில் போங்கள். பக்கத்து வீட்டுப் பையன் போனில் கட்டித் தந்தால் ரசீதின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பணம் பிடிக்கப்பட்டு ரசீது வராவிட்டால், மறுபடி கட்டுவதற்கு முன் அந்தப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு ஆபீசில் விசாரியுங்கள்.

"இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் கரண்ட் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசு" என்று போனில் வரும் செய்தி மோசடி. 2022-ல் பலர் இதில் பணத்தைப் பறிகொடுத்தார்கள். 15 நாள் அறிவிப்பு வேண்டுமென்ற சட்டம் தெரிந்தவரை இப்படி ஏமாற்ற முடியாது. அந்த எண்ணுக்குப் பேசாதீர்கள். அவர்கள் சொல்லும் எதையும் போனில் ஏற்றாதீர்கள்.

முன்பணம் கட்டினால்தான் வெளிச்சமா?

2021-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விநியோகச் சீரமைப்புத் திட்டம், முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டரை நாடெங்கும் பொருத்துவதை நோக்கமாகக் கொண்டது. இதில் உள்ள ஆபத்தைத் தொழிலாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இன்று முதலில் வெளிச்சம், பிறகு கணக்கு, அதன் பிறகு பணம். கணக்குத் தப்பானால் பணத்தை நிறுத்திக் கேள்வி கேட்க நமக்கு இடமிருக்கிறது. முன்பணம் என்று வந்தால் பணம் முதலில் போய்விடும். இருப்புத் தீர்ந்தால் விளக்கு அணையும். மீட்டர் தப்பாக ஓடினாலும் அணையும். மில்லில் லே-ஆப் வந்த வாரமும், அறுப்பு முடிந்து வேலையில்லாத மாதமும், பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும் இரவும் அந்த மீட்டருக்குத் தெரியாது. மாதச் சம்பளம் நிச்சயமாக வரும் வீட்டுக்கு அது ஒரு சௌகரியமாக இருக்கலாம். தினக்கூலிக்காரன் வீட்டில் அது ஒரு பூட்டு.

நாம் கேட்பது என்ன?

ரீடிங் தாமதமானால் நாள் கணக்குப்படி படிகளையும் விரித்துப் பில் போட வேண்டும். லைன் வீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டரை அலைக்கழிக்காமல் கொடுக்க வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஷிப்ட் வேலைக்காரர்கள் வரக்கூடிய நேரத்தில் ரொக்கக் கவுண்டர் திறந்திருக்க வேண்டும். தினக்கூலிக் குடும்பங்கள் மீது முன்பண மீட்டரைத் திணிக்கக் கூடாது. இவை சலுகைகள் அல்ல, சாதாரண நியாயம்.

மின்சாரம் நமக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல. நூற்றாலைகளையும் வயல்களில் உள்ள பம்புசெட்டுகளையும் ஓட்டும் அதே கம்பியிலிருந்துதான் நம் வீட்டு விளக்கும் எரிகிறது. அந்த ஆலையையும் வயலையும் நடத்துவது நம் கைகள். செலவழித்த கரண்டுக்குப் பணம் கட்ட நாம் பின்வாங்கவில்லை. செலவழிக்காததற்குக் கட்டமாட்டோம் என்கிறோம், அவ்வளவுதான்.

இந்த வாரமே உங்கள் தெருவில் பத்து வீட்டு மின் அட்டைகளையும் பில்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எங்கே தாமதம், எங்கே தாவல், எத்தனை குடும்பத்துக்கு ஒரு மீட்டர் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு பத்துப் பேராக ஆபீசுக்குப் போங்கள். ஒருவர் போனால் அது புகார். பத்துப் பேர் போனால் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.